இலுப்பை மரத்தடியில் இரண்டு நிமிடம்

ராஞ்சிக்கு நான் மாற்றலாகி வந்த முதல் கோடையில் என் உள்ளத்தைக் கவர்ந்தது இலுப்பை மரம். இங்குள்ளோர் அதனை மகுவா என்பர். வைகறையில் கூடையுடன் பூப் பொறுக்கச் செல்லும் பெண்களைக் காணும்போதெல்லாம், ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்னும் நம் பழமொழி நினைவுக்கு வரும். ஊரின் ஏக்கமும் சற்றுத் தணியும்.

அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில், பதினான்கு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணிக்குப் பொறுப்பாசிரியராக அருகிலிருந்த சிற்றூர்த் திடலுக்குச் சென்றேன். கோடைப் பிற்பகல்களில் சோட்டா நாக்பூர் பீடபூமியில் கருமேகங்கள் திரண்டு, இடியும் சூறைக்காற்றுமாகக் கிழக்கே வங்காளம் வரை செல்வதுண்டு. அதனைக் கால்பைசாகி என்பர். அன்றும் வடமேற்கு வானம் கறுத்தது. இரு அணிகளும் ஒவ்வொரு கோல் அடித்திருந்தன. ஆட்டம் முடியப் பத்து நிமிடங்களே இருந்தன.

தொலைவில் மின்னியது. மாற்று ஆட்டக்காரனாக என்னருகில் அமர்ந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவன் எண்ணத் தொடங்கினான். “ஒன்று, இரண்டு, மூன்று…” பன்னிரண்டில் இடி முழங்கியது. வீட்டில் தமிழ் பேசினாலும் எண்களை இந்தியிலேயே சொல்லிப் பழகியவன் அவன். ‘பன்னிரண்டு’ வரை பிழையின்றிச் சொன்னானே என்று நான் மகிழ்ந்தேன்!

“ஐயா, ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். அப்படியானால் மின்னல் 4 கிலோமீட்டரில்தான் உள்ளது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள்” என்றான்.

“இன்னும் ஒரு துளி மழைகூட விழவில்லையே” என்றேன். மழை பெய்யும் இடத்திற்குப் பல கிலோமீட்டர் அப்பாலும் மின்னல் தாக்கும் என்பதை நான் அன்று அறியேன். இடி இடித்தால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லக் கற்பித்த என் பாட்டி, எண்ணக் கற்பிக்கவில்லை.

அடுத்த மின்னலுக்கு அவன் ஏழு வரைதான் எண்ணினான். மழை கொட்டியது, நடுவர் ஊதினார். நான் செய்தது என்ன தெரியுமா? பிள்ளைகள் அனைவரையும் திடலோரத்து இலுப்பை மரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது ஊர்ப் பழக்கம். அதிலும் அது என் இலுப்பை அல்லவா!

இரண்டு நிமிடம் சென்றிருக்கும். திடலைக் காக்கும் முதியவர் நனைந்தபடி ஓடி வந்தார். “மரத்தை விட்டு வாருங்கள், டன்கா விழும்!” என்று இந்தியில் கத்தினார். டன்கா என்பது இப்பகுதியில் இடிவிழுதலுக்கு வழங்கும் சொல். முந்தைய ஆண்டு மரத்தடியில் கட்டியிருந்த தம் இரு எருதுகளை அவர் அவ்வாறு இழந்திருந்தார். மரத்தில் இறங்கும் மின்னல் அருகில் நிற்போர் மீது தாவும். வேர்ப்பகுதி மண்ணிலும் பரவும். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி மிகுதியாதலால் மாடுகளை அது எளிதில் கொன்றுவிடுகிறது. சுவரில்லாத தகரக் கொட்டகையும் காப்பாகாது என்றார் அவர்.

பள்ளிப் பேருந்துக்கு ஓடினோம். கண்ணாடிகளை மூடச் செய்தேன். ரப்பர்ச் சக்கரங்கள் நம்மைக் காக்கும் என்று நான் தேற்றியபோது, “சக்கரம் அன்று, ஐயா, மேற்கூரையுடன் கூடிய உலோகக் கூடுதான் மின்சாரத்தை வெளிப்புறமாகவே மண்ணுக்குக் கடத்துகிறது” என்று திருத்தினான் அம்மாணவன். அன்று என்னைத் திருத்தாதவர் எவருமில்லை.

கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே திடலுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வோர் இடிக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அவன் கடிகாரத்தைப் பார்த்து மும்முறை புதிதாகத் தொடங்கினான். அணித்தலைவன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். இருட்டியது, ஆட்டம் முடியாமலேயே திரும்பினோம்.

இப்போது புறப்படுமுன், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலியைப் பார்க்கிறேன். அம்மாணவன் கைகாட்டினால் ஆட்டத்தை நிறுத்துவது என்று உடற்கல்வி ஆசிரியரும் நானும் முடிவு செய்துள்ளோம். இதுவரை மூன்று ஆட்டங்களை நிறுத்தியிருக்கிறான். அவற்றுள் ஒன்றில் நாங்கள் இரண்டு கோல் முன்னிலையில் இருந்தோம்.