சாம்பல், ஒரு மில்லி

கினிபிக்கின் சிறுகுடலில் கடைசிப் பகுதியை இலியம் என்போம். அதில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி எடுத்து, உள்ளே இருப்பதை டைரோடு கரைசலால் மெதுவாகக் கழுவி, இரண்டு முனையிலும் நூல் கட்ட வேண்டும். குழாயின் வாய் மூடிவிடாமல் ஓரச் சுவரில் மட்டும் ஊசி ஏற்றுவதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. கீழ் நூல் கண்ணாடித் தொட்டிக்குள், மேல் நூல் நெம்புகோலில். தொட்டியில் 25 மி.லி. கரைசல், சூடு 37 டிகிரி. மீன்தொட்டிக்கு வைக்கும் பம்பில் இருந்து காற்றுக் குமிழிகள். அரைமணி நேரம் அப்படியே விட்டால் குடல் தன்னை ஆற்றிக்கொள்ளும். பிறகு அசிட்டைல்கோலின் ஒரு மைக்ரோகிராம் விட்டாலும் போதும், நெம்புகோலின் முள் கரி படிந்த டிரம்மின் மேல் வெள்ளைக் கோடாக எழும்பும். உடலை விட்டு வந்து ஒரு மணி நேரம் ஆன ஒரு துண்டு, கேட்டால் பதில் சொல்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இன்று வரை அந்தக் கோடு எழும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

எம்.ஃபார்ம். படிப்பில் என் தீசிஸுக்கு நான் எடுத்துக்கொண்டது நாயுருவி. வேலியோரம் நின்று புடவையில் ஒட்டிக்கொள்ளும் அதே செடிதான். வேரை ஒடித்துப் பல் துலக்குவார்கள். கல்லூரிச் சுவரை ஒட்டியே நிறைய இருந்தது. முழுச் செடியையும் நிழலில் உலர்த்தி, தண்ணீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, வற்ற வைத்துக் கருப்பட்டிப் பாகு போல் ஒரு எக்ஸ்ட்ராக்ட் எடுத்தேன். மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று கரைத்து, அதில் ஒரு மில்லியைத் தொட்டிக்குள் விட்டேன். முள் 42 மில்லிமீட்டர் ஏறியது. கழுவினேன், இறங்கியது. மறுபடி விட்டேன், மறுபடி ஏறியது.

அடுத்து அட்ரோபின். அசிட்டைல்கோலின் போய் ஒட்டும் இடத்தை அது அடைத்துவிடும். அட்ரோபினுக்குப் பிறகு அசிட்டைல்கோலினுக்குக் குடல் அசையவே இல்லை. ஆனால் என் எக்ஸ்ட்ராக்டுக்கு அசைந்தது. உயரம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. நான் அன்று இரவே விடுதியில் உட்கார்ந்து விளக்கம் எழுதிவிட்டேன்: இந்தச் செடியில் அசிட்டைல்கோலினைப் போன்ற ஒரு பொருள் இருக்கிறது, கூடவே வேறு வழியில் தசையைச் சுருக்கும் இன்னொரு பொருளும் இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு. கைடு படித்துவிட்டு, "நல்லா வந்திருக்கும்மா, ஆக்டிவ் பிரின்சிபிளைப் பிரிச்சா பிஎச்.டி.க்கே போதும்" என்றார்.

எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டிய ஒன்று இருந்தது. அசிட்டைல்கோலின் ஒரு மைக்ரோகிராமில் செய்கிற வேலைக்கு நான் 100 மில்லிகிராம் கொட்டிக்கொண்டிருந்தேன். லட்சம் மடங்கு. அளவு அவ்வளவு ஏறும்போது, குடல் மருந்துக்குப் பதில் சொல்கிறதா, தான் மிதக்கும் தண்ணீரே மாறிப்போனதற்குப் பதில் சொல்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கேட்டவர் எங்கள் லேப் அட்டெண்டர். நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். டிரம்முக்குக் கரி பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பளபளப்பான தாளை டிரம்மில் சுற்றி ஒட்டி, புகையும் விளக்கின் மேல் அதை ஒரே சீராக உருட்டுவார். திட்டுத் திட்டாக இல்லாமல் வெல்வெட் மாதிரி கருப்பு படியும். ஒருநாள் அப்படி உருட்டிக்கொண்டே என் பீக்கரை எட்டிப் பார்த்தார்.

"என்ன செடிம்மா அது?"

"நாயுருவிண்ணே."

"அதை எரிச்சு உப்பு எடுப்பாங்களே. எங்க ஊரு வைத்தியரு சாம்பலைத் தண்ணியில கரைச்சு, தெளிவை இறுத்து, காய்ச்சி எடுப்பாரு. சட்டி அடியில வெள்ளையா நிக்கும். அவ்வளவு உப்பும் இந்தத் தண்ணியிலயும் இருக்குமில்ல?"

நாயுருவி உப்பு சித்த மருத்துவத்தில் பெயர் பெற்ற சரக்கு. செடிச் சாம்பலில் இருந்து எடுக்கும் உப்பில் பொட்டாசியம்தான் முக்கியம் என்பது நான் பி.ஃபார்மிலேயே படித்தது. படித்த எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

பொட்டாசியம் ஏன் இங்கே குறுக்கே வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். தசைச் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. அந்த ஏற்றத்தாழ்வுதான் செல்லின் உட்புறத்தை எதிர்மின்னூட்டத்தில் நிறுத்தி, தசையை அமைதியாக வைத்திருக்கிறது. வெளியே பொட்டாசியம் திடீரென்று கூடினால் அந்த மின்னழுத்தம் சரிகிறது, கால்சியம் நுழையும் வாசல்கள் திறக்கின்றன, தசை சுருங்குகிறது. இதற்கு மருந்து எதுவும் வேண்டாம். குடல் சுவருக்குள் ஓடும் நரம்பு நுனிகளுக்கும் இதே கதிதான். அவையும் கிளர்ந்து, தங்களிடம் இருக்கும் அசிட்டைல்கோலினைக் கக்கிவிடும். ஆகவே பொட்டாசியத்தால் வரும் சுருக்கத்தில் ஒரு பங்கை அட்ரோபின் குறைக்கும், மிச்சத்தைத் தொடாது. என் மூன்றில் ஒரு பங்கு அதுதான்.

அண்ணன் சொன்னது இரண்டு நாள் மண்டைக்குள் சுற்றியது. மூன்றாம் நாள் சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, எக்ஸ்ட்ராக்டில் ஒரு கிராமை மூசையில் வைத்து மஃபில் ஃபர்னஸில் 550 டிகிரியில் எரித்தேன். அந்தச் சூட்டில் எந்த ஆல்கலாய்டும் கிளைக்கோசைடும் மிஞ்சாது. காலையில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பொடி இருந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டபோது சோடா போல நுரைத்தது. காரம் போகும் வரை நடுநிலையாக்கி, பத்து மில்லியாக்கி, அதில் ஒரு மில்லியைத் தொட்டியில் விட்டேன்.

முள் 39 மில்லிமீட்டர் ஏறியது.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. கழுவவும் மறந்துவிட்டேன். டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த கட்டடத்தில் இருந்த ஃப்ளேம் ஃபோட்டோமீட்டரில் கரைசலைக் கொடுத்துப் பார்த்தேன். எக்ஸ்ட்ராக்டின் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் பொட்டாசியம். கணக்குப் போட்டேன். தொட்டியில் இருந்த 25 மி.லி. டைரோடு கரைசலில் இயல்பாக உள்ள பொட்டாசியம் இரண்டரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். நான் ஒரே விடுகையில் சேர்த்துக்கொண்டிருந்தது பன்னிரண்டு.

தீசிஸ் கொடுக்க மூன்று வாரம் இருந்தது. அச்சடிக்கக் கொடுத்தாகிவிட்டது. அப்பா பைண்டிங்குக்குப் பணம் அனுப்பியிருந்தார். இதெல்லாம் காரணமா என்று இப்போது கேட்டால், இல்லை. பயம் ஒன்றுதான் காரணம். நான் சாம்பல் சோதனையைத் தீசிஸில் எழுதவில்லை. கைடிடம் சொல்லவில்லை. பொய்யாக ஒரு எண்ணைக்கூட எழுதவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அச்சான ஒவ்வொரு எண்ணும் உண்மை. அவை சேர்ந்து சொன்ன கதை பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும். அண்ணன் ஒருநாள், "எரிச்சுப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். "இன்னும் இல்லண்ணே" என்றேன். அவரிடம் சொன்ன அந்த மூன்று வார்த்தைதான் மற்ற எல்லாவற்றையும்விட என்னை இன்று சுடுகிறது.

வைவாவில் எக்ஸ்டர்னல் நல்ல மனிதர். குடலை எவ்வளவு நேரம் பட்டினி போட்ட விலங்கில் இருந்து எடுத்தாய், காண்டாக்ட் டைம் என்ன, எத்தனை முறை கழுவினாய் என்றெல்லாம் கேட்டார். சாம்பலைப் பற்றிக் கேட்கவில்லை. பாஸ் ஆனேன். அதே கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

மூன்று வருடம் கழித்து ஒரு பெண் பிஎச்.டி.க்கு வந்தாள். கைடு அவளிடம் என் தீசிஸைக் கொடுத்து, ஆக்டிவ் பிரின்சிபிளைப் பிரித்தெடுக்கச் சொன்னார். நான் அதே அறையில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவள் என்னைவிட நல்ல உழைப்பாளி. எக்ஸ்ட்ராக்டைத் தண்ணீரில் கரைத்து, பிரிபுனலில் பெட்ரோலியம் ஈதர், குளோரோஃபார்ம், எத்தில் அசிடேட், பியூட்டனால் என்று வரிசையாகக் குலுக்கிப் பிரித்தாள். ஒவ்வொரு பகுதியையும் குடலில் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. "அக்கா, எந்தச் சால்வென்ட்லயும் வரலக்கா. மிச்சத் தண்ணியில மட்டும் முழுசா இருக்கு" என்று ஓடி வந்தாள். இருக்காதா? பொட்டாசியம் குளோரோஃபார்முக்குள் எப்படிப் போகும்? அந்த ஒரு வரியிலேயே விடை இருந்தது, அதை அவள் என் முகத்துக்கு நேராகவே வைத்தாள். "இன்னொரு தடவை பிரிச்சுப் பாரு" என்று சொல்லி அனுப்பினேன்.

பதினான்கு மாதம். அந்தக் காலத்தில் அவள் கொன்ற கினிபிக்குகள் பத்தொன்பது. பதிவேட்டை எண்ணிப் பார்த்தேன், ஆகவே தெரியும். கடைசியில் தலைப்பையே மாற்றிக்கொண்டு வேறு வேலை செய்து பட்டம் வாங்கினாள். கை ராசி சரியில்லை என்று அவளே தன்னைச் சொல்லிக்கொண்டு போனாள். அதையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, வகுப்புக்கு உடலியல் கரைசல்களின் வரலாற்றைத் தயாரிக்க உட்கார்ந்தேன். டைரோடு கரைசல் 1910இல் வந்தது. அதற்கு முன்னோடி ரிங்கர் கரைசல். சிட்னி ரிங்கர் லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருத்துவர். 1882இல் ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜியில், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைப்பது பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே அதே இதழில் இன்னொரு கட்டுரை. மூலத்தைப் படித்துவிடலாம் என்று பழைய இதழைத் தேடித் திறந்தேன்.

அந்த இரண்டாம் கட்டுரையின் தொடக்கமே ஒரு ஒப்புதல். முன்பு எழுதியதில் கரைசல் வாலைநீரில் செய்யப்படவில்லை, நியூ ரிவர் கம்பெனி வழங்கிய குழாய்த் தண்ணீரில் செய்யப்பட்டது, அது பிறகுதான் தெரிய வந்தது, வாலைநீரில் செய்து பார்த்தால் முன்பு சொன்ன விளைவுகள் வரவில்லை என்று ரிங்கர் எழுதுகிறார். யார் மேலும் பழி போடவில்லை, சுற்றி வளைக்கவில்லை. வந்த தவறை முதலில் வைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் அப்படி என்ன இருந்தது என்று தேடப் போகிறார். கால்சியம் இருந்தது. இதயம் சுருங்கக் கால்சியம் வேண்டும் என்று உலகம் அறிந்தது அந்தத் தேடலில்தான். 1921இல் ஓட்டோ லோவி, ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதன் கரைசலை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டு, நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்று காட்டினாரே, அந்த இதயங்கள் துடித்ததும் ரிங்கரின் கரைசலில்தான். அந்த வேதிப்பொருள்தான் பின்னால் அசிட்டைல்கோலின் என்று தெரிந்தது. என் தொட்டியில் நான் நாள்தோறும் விட்டுக்கொண்டிருந்த மருந்து.

வகுப்புக்குக் குறிப்பு எடுப்பதை அதோடு நிறுத்தினேன். அவரிடமும் தண்ணீர்தான் விளையாடியது, என்னிடமும் தண்ணீர்தான் விளையாடியது. அவர் ஒரு வருடத்துக்குள் அச்சிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அப்போது பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் இறந்துபோயிருந்தார். கைடு ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு நீண்ட கடிதம் எழுதினேன். கல்லூரி நூலகத்தில் இருந்த என் தீசிஸுக்குள் சாம்பல் சோதனையின் விவரத்தையும் பொட்டாசியம் அளவையும் இரண்டு பக்கமாகத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு ஒட்ட வைத்தேன். மூன்றாவதாக அவளுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு நான்கு நாள் செய்யவில்லை.

செய்தபோது அவள் ஏதோ பேருந்து நிலையத்தில் இருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபர்னஸ், நுரை, 39 மில்லிமீட்டர், 12 சதவீதம், அவள் ஓடி வந்து சொன்ன அன்று நான் என்ன தெரிந்துகொண்டு என்ன சொன்னேன் என்பது வரை. மறுமுனையில் பேருந்துச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்:

"அட்ரோபினுக்கு மூணுல ஒரு பங்கு மட்டும் ஏன் குறைஞ்சுதுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் புரியவே இல்லக்கா. நரம்புல இருந்து வந்த அசிட்டைல்கோலின், அதானே?"

"ஆமா" என்றேன்.

"அந்த ட்ரேசிங் இருக்காக்கா?"

இருந்தது. ரெசின் கரைசலில் நனைத்துக் காயப் போட்டு, இத்தனை வருடமும் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். வார்னிஷ் பழுப்பேறியிருந்தது, கோடு மட்டும் வெள்ளையாகவே நின்றது. அதன் கீழே கரியில் நகத்தால் நான் கீறி எழுதியது: சாம்பல், 1 மி.லி. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்கு அவளிடம் இருந்து ஒரு கேள்வி வந்தது, அமிலம் விட்ட பிறகு பி.எச். எவ்வளவு என்று பார்த்தீர்களா என்று. நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொன்னேன்.