ஜாதகத்துல இல்லாத பொருத்தம்!

எங்க காலேஜ்ல ரத்த தான முகாம். முதல் ஆளா போய் நின்னேன். (ஜூஸ், பிஸ்கட் தருவாங்கன்னு ஒரு ஜூனியர் கிளப்பி விட்டதும் ஒரு காரணம்!) விரல்ல ஒரு குத்து. "10.4 தான்மா இருக்கு. ஹீமோகுளோபின் 12.5 இருந்தாதான் எடுப்போம், கிளம்பு"ன்னுட்டாங்க.

எனக்கு இது புதுசு இல்லை. எட்டாங்கிளாஸ்ல இருந்தே நான் 'ரத்தம் கம்மி' பார்ட்டி. ஒரு டாக்டர் வருஷக்கணக்கா இரும்புச்சத்து மாத்திரையா எழுதித் தள்ளினார். அம்மா முருங்கைக்கீரையா சமைச்சுப் போட்டாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொறந்துட்டு, பால்கோவாவை விட பேரீச்சம்பழம் அதிகமா தின்ன ஒரே ஜீவன் நானாத்தான் இருப்பேன். ம்ஹூம், ஏறவே இல்லை!

முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா மட்டும் விடலை. சிவப்பணுவோட சைஸைப் பார்க்கச் சொன்னாங்க. எம்.சி.வி.ன்னு ஒரு நம்பர். 80-க்கு மேல இருக்கணும், எனக்கு 64. உடம்புல இரும்புச்சத்தோ நார்மல்! அடுத்து ஹெச்.பி.ஏ-2 டெஸ்ட். ராஜபாளையத்துல எடுத்த ரத்தம் மதுரைக்குப் போய் ரிசல்ட்டா திரும்பி வந்தது. 5.2. மூன்றரையைத் தாண்டினாலே சந்தேகமாம். "நீ தலசீமியா கேரியர்மா."

"எனக்கு என்ன மேடம் ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. இது வியாதியே இல்லை. கட்டிக்கப் போறவரும் கேரியரா இருந்தா மட்டும்தான் யோசிக்கணும்."

ரெண்டு பேருமே கேரியர்னா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு தலசீமியா மேஜர். சில வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். அதனால சேர்ற இரும்பை வெளியேத்த தனி மருந்து வேற. நம்ம நாட்டுல வருஷத்துக்கு 10,000 குழந்தைகளுக்கு மேல இப்படிப் பொறக்குது.

சிக்கல் இங்கதான். எனக்கு அத்தை மகன் இருக்கார். காதுகுத்துல இருந்தே 'இவளுக்கு இவன்'னு பேச்சு. அப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்தோம். அவர்கிட்ட இருந்துதான் எனக்கு வந்திருக்கு. அப்போ அத்தைக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தானுக்கு நாலுல ஒண்ணு. யாரோ ஒரு வெளி மாப்பிள்ளைன்னா, இந்திய சராசரிப்படி நூத்துக்கு மூணு, நாலு பேர்தான் கேரியர். கணக்கு புரியுதா பாஸ்?

அத்தைக்குப் புரியலை. "எங்க ரத்தத்துலயே குறைங்கிறியா தம்பி? பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருக்கு!"ன்னு கிளம்பினவங்க, ஆடிப்பூரத் தேருக்குக்கூட வரலை. அம்மா ரிப்போர்ட்டை பீரோவுல துணிக்கு அடியில வெச்சுப் பூட்டிட்டாங்க. "வெளிய சொல்லாதடி, வர்ற வரனும் வராது."

அதுதான் எனக்குக் கடுப்பு. டெஸ்ட் எடுத்தது நான். அதனால குறை எனக்கு மட்டும். எடுக்காதவங்க எல்லாரும் சுத்தத் தங்கமா?

சைப்ரஸ் தீவுல ஏழு பேர்ல ஒருத்தர் கேரியராம். அங்கே 1983-ல இருந்து, சர்ச்ல கல்யாணம்னா ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்த சர்டிஃபிகேட் வேணும். எடுத்தாச்சான்னுதான் கேட்பாங்க, ரிசல்ட்டைக் கேட்க மாட்டாங்க. ரெண்டு பேருமே கேரியர்னாலும் தாராளமா கட்டிக்கலாம். கர்ப்பமான மூணாவது மாசத்துலயே குழந்தைக்குப் பார்த்துட முடியும். அங்கே தலசீமியா மேஜரோட பொறக்கற குழந்தைங்க கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துடுச்சு. ஊரே எடுத்தா யாரை யார் ஒதுக்கறது? நம்ம காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் அட்மிஷன்லயே எல்லாருக்கும் எடுத்தா என்னவாம்? கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்ல.

போன வாரம் ராத்திரி அத்தான் போன். மில்லுல ஷிஃப்ட் முடிஞ்சு, யாருக்கும் சொல்லாம போய் டெஸ்ட் எடுத்திருக்கார்.

"நார்மல்தான் புள்ள. அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க அத்தான். அப்படியே அத்தையையும் உங்க தங்கச்சியையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவளுக்கு தைக்கு அப்புறம் மாப்பிள்ளை பார்க்கப் போறாங்கல்ல..."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, ஞாயித்துக்கிழமை லேப் இருக்குமா?"ன்னு கேட்டார்.