ரேம் போட்டும் நகராத கணினி

4 ஜிபி ரேமை 8 ஆக்கினால் கணினி பறக்கும் என்றார் கடைக்காரர். ரேமை பிரெஞ்சில் 'மெமுவார் வீவ்' என்பார்கள், உயிருள்ள நினைவகம். போட்டேன், உயிர் வந்தபாடில்லை.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி 35 சதவீதம்தான், டிஸ்க் 100! மேசை பெரிதாகி என்ன, ரெக்கார்டு ரூமிலிருந்து ஃபைல் எடுத்து வருபவர் தள்ளாடினால்? எங்கள் ஆபீசிலும் இதே கதைதான். உள்ளே இருந்தது நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் பழைய ஹார்டு டிஸ்க்.

"புதுசே வாங்கிடுங்க சார்" என்றார் அவர். நான் முதலில் மறைந்த என் மனைவியின் படங்களைப் பென் டிரைவில் ஏற்றினேன். மூன்று மணி நேரம் பிடித்தது, எழுந்திருக்கவில்லை. பிறகுதான் எஸ்எஸ்டி போடச் சொன்னேன். அதில் சுற்றும் பாகமே கிடையாது. இப்போது காபி ஆறுமுன் திறந்துவிடுகிறது.