காவிரிக்கரையில் ஒரு 'ஒயின்' டூர்!

ஐரோப்பாவுல ரைன், டூரோ நதிக்கரை ஊர்கள்ல ஒரு சூப்பர் டூர் உண்டு. ஊருக்கு ஊர் இறங்கி, பழைய கோட்டையைச் சுத்திட்டு, அந்த ஊர் ஒயினை ஒரு மடக்கு சப்புக்கொட்டி, 'இதுல மண்வாசனை தூக்கல்'னு கமென்ட் அடிக்கணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. பாக்கெட் மணிக்குக் கட்டுப்படியாகணுமே!

விடுங்க பாஸ், நாமக்கல் பஸ் ஏறுங்க. இங்கே ஒயின் கிடையாது. ராஜாஜி 1937 அக்டோபர் 1-ம் தேதி, சென்னை மாகாணத்துல முதன்முதலா மதுவிலக்கு கொண்டுவந்தது சேலம் மாவட்டத்துலதான். நாமக்கல் அப்போ அதுக்குள்ளே அடக்கம். (இப்போ டாஸ்மாக் இருக்கேன்னு முணுமுணுக்கிறது யாரு? அது நம்ம டூர்ல இல்லை!) நாம ருசி பார்க்கப் போறது வெல்லம்.

முதல்ல நாமக்கல் மலை. கிட்டத்தட்ட 65 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை, உச்சியில கோட்டை. மேலே ஏறி செல்ஃபி எடுத்துட்டு அப்படியே இறங்கிடாதீங்க. அடிவாரத்துல பாறையைக் குடைஞ்சு செஞ்ச நரசிம்மர், ரங்கநாதர் கோயில்கள் 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரணியனைக் கிழிக்கிற நரசிம்மரையும், காலைத் தூக்கி உலகளக்கிற திரிவிக்கிரமரையும் பக்கத்துல நின்னு பாருங்க. கல்லுல இவ்வளவு வேகமான்னு அசந்துடுவீங்க!

ஆனா டவுனுக்குள்ளே ஆறு கிடையாது. அதுக்கு மோகனூர் போகணும். 'நாமக்கல்' கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-ல பிறந்த ஊர் உண்மையில மோகனூர்தான்! இங்கே காவிரி நல்ல அகலம். பார்த்துட்டு பரமத்தி வேலூருக்குக் கிளம்புங்க. (ஜெயில் இருக்கிற வேலூர் இல்லீங்க!)

வேலூர்ப் பாலத்தைத் தாண்டினா கரூர் மாவட்டம். சேரர்களோட பழைய ஊரான கரூர்ல தோண்டினப்போ ரோமானிய மதுஜாடிகளோட உடைசல்கள் கிடைச்சிருக்கு. யவனர் கொண்டுவந்த மதுவைப் பத்தி புறநானூற்றிலேயே பாட்டு உண்டு. ஆக, இந்தப் பக்கம் ஒயின் டேஸ்ட்டிங் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோன சமாசாரம்!

இனிதான் மெயின் அயிட்டம். வேலூர்லேர்ந்து ஜேடர்பாளையம் போற வழியில, பிலிக்கல்பாளையம் பக்கம் காத்துலயே இனிப்பு அடிக்கும். கரும்பு வயலுக்கு நடுவுல புகை கிளம்புதா? அதான் ஆலைக்கொட்டகை. கேட்டுட்டு உள்ளே போங்க. "வாங்க கண்ணு, பாகு சாப்புடறீங்களா?"ன்னு அவங்களே கூப்பிடுவாங்க. பெரிய கொப்பரையில சாறு கொதிக்கும். காஞ்ச கரும்புச் சக்கைதான் விறகு. சுண்ணாம்பு போட்டு, மேலே வர்ற அழுக்கை அள்ளி அள்ளி எடுப்பாங்க. பதம் வந்ததும் மரத்தொட்டியில கொட்டிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டுல உருண்டை பிடிப்பாங்க.

முதல்ல பச்சைச் சாறு, அப்புறம் பாகு, கடைசியா சூடா ஒரு விள்ளல் வெல்லம். இதான் டேஸ்ட்டிங் ஆர்டர். ரெண்டு ஆலையில சாப்பிட்டுப் பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. உப்புத்தண்ணி பாய்ஞ்ச வயல்னா வெல்லத்துல லேசா உப்பு தட்டும். மண்வாசனை ஒயினுக்கு மட்டுமா சொந்தம்?

இதுல ஒரு கசப்பும் இருக்கு. வெல்லம் இங்கே 30 கிலோ சிப்பமா ஏலத்துக்குப் போகுது. வாங்குறவங்க முதல்ல பார்க்கிறது நிறம். காரணம் நாமதான். கடையில பளிச்னு மஞ்சளா இருக்கிறதைத்தானே கைநீட்டி எடுக்கிறோம்? அந்தப் பளபளப்புக்காக சில இடங்கள்ல 'ஹைட்ரோஸ்'ங்கிற வெளுப்பு ரசாயனம் விழுது. எடை ஏற சர்க்கரையும் கலக்குறாங்க. ஒரு கிலோ வெல்லத்துல கந்தக டை ஆக்ஸைடு 70 மில்லிகிராமுக்கு மேலே இருக்கக்கூடாதுங்கிறது சட்டம். வெளுப்பா இருக்கிறதெல்லாம் கலப்படம்னு சொல்லிட முடியாது. கரும்பு ரகத்துக்குத் தக்கபடியும் நிறம் மாறும். ஆனா எதுவும் சேர்க்காம காய்ச்சினவர், கறுத்த வெல்லத்தோட ஏலத்துல நின்னு குறைஞ்ச விலை வாங்கிட்டுத் திரும்புறாரே, அது அநியாயம் இல்லையா?

கடைசி ஸ்டாப் ஜேடர்பாளையம் படுகை அணை. பக்கத்துலயே மீனை வறுத்துத் தருவாங்க, விடாதீங்க. குளிக்கிறதா இருந்தா உள்ளூர்க்காரங்க காட்டுற இடத்துல மட்டும் இறங்குங்க, தண்ணி இழுத்துட்டுப் போயிடும்.

ஊருக்குக் கிளம்பும்போது பையில ஒரு கிலோ கறுப்பு வெல்லம் இருக்கட்டும். "என்னடா, இவ்வளவு கறுப்பா வாங்கிட்டு வந்திருக்கே?"ன்னு அம்மா கேட்பாங்க. பதில் சொல்லாதீங்க, முதல்ல ஒரு டீ போடச் சொல்லுங்க!