ரொறன்ரோ எவ்வளவு தூரம்?

வீட்டிலே பூகோள உருண்டை ஒன்று இருக்குமாயின், நூலொன்றின் ஒரு நுனியை மட்டக்களப்பிலும் மறு நுனியைக் கனடாவின் ரொறன்ரோ நகரிலும் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் மேற்கே அரபிக் கடலைக் கடந்து செல்லும் என்றே மாணவர் பலரும் எண்ணுவர். அதுவோ சற்றே மேற்குச் சாய்ந்து வடக்கு நோக்கி எழுந்து, இந்தியாவையும் உருசியாவையும் கடந்து, வடமுனைப் பனிக்கடலைத் தொட்டு, கிறீன்லாந்தின் மேலாக இறங்குகின்றது. இவ்வூர் கிழக்கு நெடுங்கோடு 82 பாகையை அடுத்தும் அவ்வூர் மேற்கு 79 பாகையை அடுத்தும், உலகின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களிற் கிடப்பதே காரணம்.

நூலின் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் பறக்கும் விமானத்துக்குப் பதினைந்தரை மணி நேர வழி. ஆயினும் பயணிகள் பெரும்பாலும் வளைகுடா நகரொன்றிலோ இலண்டனிலோ இறங்கி விமானம் மாறுவதால், கட்டுநாயக்காவை அடைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடும்.

அதன் பின்னரே உண்மையான பயணம் தொடங்குகின்றது! கட்டுநாயக்காவுக்கும் எம் வாவிக்கரைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான். அதே விமானத்துக்குக் கால் மணி நேரமும் ஆகாது. வீதி வழியே ஏழு மணி நேரம். திமிலைதீவில் 1958இல் திறக்கப்பட்ட விமான நிலையம் 1983இல் விமானப் படையின் வசமாகி, 2016இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் கண்டங்கடக்கும் பெருவிமானங்களைத் தாங்கும் நீளம் அவ்வோடுபாதைக்கு இல்லை.

எம் தமையனார் ஒரு மார்கழித் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் காலமானார். ஒரே மகன் ரொறன்ரோவில். அன்றிரவு விமானத்தில் இடங்கிடைத்தது. செவ்வாய் காலை ஆறரைக்குக் கட்டுநாயக்கா. இவ்வளவையும் நாம் தாளில் எழுதி வைத்திருந்தோம். "எத்தனை மணிக்கு எடுப்பது?" என்று ஊர்ப் பெரியவர்கள் வினவியபோதுதான் கணக்குத் தடுமாறியது. மன்னம்பிட்டியில் மழைவெள்ளம் வீதியில் ஏறிவிட்டதாம். ஹபரணை, பொலன்னறுவை என்று தொலைபேசியில் ஊர்ப்பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. பின்னர் ஒரு மணி நேரம் ஒரு பெயரும் வரவில்லை. பொழுது சாயுமுன் மயானத்துக்குச் சென்றாக வேண்டும். பறைமேளக்காரர் இருமுறை எழுந்து இருமுறை அமர்ந்தனர்.

நாலே முக்காலுக்கு வண்டி படலையில் நின்றது.

காரியங்கள் யாவும் முடிந்த பின், இரவிலே அண்ணியார் மகனை அருகிருத்தி, "எப்ப மனே வெளிக்கிட்டாய்?" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை இரவு, அம்மா."

ரொறன்ரோவின் கடிகாரம் குளிர்காலத்தில் எமக்குப் பத்தரை மணி நேரம் பின்னே ஓடுவது. தந்தை கண்மூடிய வேளையில் அங்கே ஞாயிறு மாலை ஆறரை. நாம் விளக்கிச் சொன்னோம். அண்ணியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் என்னோடு கதைச்சுக்கொண்டிருந்தாரே," என்றார்.