கான்பூர்: அரைக் கிலோ தைரியம்

கான்பூரின் மெஸ்டன் ரோட்டில் இரண்டு சரக்குகள் பிரசித்தம். ஒன்று தோல், மற்றது துப்பாக்கி. செருப்பும் பெல்ட்டும் தொங்கும் கடைகளுக்கு நடுநடுவே, கண்ணாடி அலமாரியில் இரட்டைக் குழல் துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்த கடைகள். ஐக்கிய மாகாணத்தில் 1912 முதல் 1918 வரை லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஜேம்ஸ் மெஸ்டனின் பெயரைத் தெரு இன்னும் சுமக்கிறது. இரண்டு வியாபாரங்களும் சந்திக்கும் இடம், இடுப்பில் மாட்டும் ரிவால்வர் உறை. பெல்ட் கடையிலேயே கிடைக்கிறது. அதை வாங்க லைசென்ஸ் வேண்டாம்.

உள்ளே வைக்க வேண்டியதற்குத்தான் வேண்டும். 2016 கடைசியில் நாடு முழுவதும் இருந்த துப்பாக்கி லைசென்ஸ்கள் சுமார் 33.7 லட்சம் என்று உள்துறை அமைச்சகம் கணக்குச் சொன்னது. அதில் உ.பி.யின் பங்கு மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டுக்குச் சுமார் 22,500. தெற்கிலிருந்து போகிறவருக்கு, ஜீப்பிலிருந்து இறங்கும் காண்ட்ராக்டரின் குர்தா ஒரு பக்கம் மட்டும் புடைத்திருப்பது விநோதம். உள்ளூர்க்காரர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புடைப்பு தெரிய வேண்டும் என்பதுதானே விஷயமே.

அந்தப் புடைப்பு பெரும்பாலும் கான்பூர்த் தயாரிப்புதான். நகரின் மேற்கே, கால்பி ரோட்டில், ஆர்மாபூர் குடியிருப்பை ஒட்டி அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சிறு ஆயுதத் தொழிற்சாலை இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942ல், தொடங்கியது. ராணுவத்துக்கான வேலை போக, சாமானியர்களுக்காக அங்கே தயாரானது .32 ரிவால்வர். பர்மிங்ஹாமின் வெப்ளி அண்ட் ஸ்காட் கம்பெனியின் பழைய வடிவம். மேலே உள்ள கொக்கியைக் கட்டை விரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் ஒடிந்து குழல் கீழே சாயும், ஆறு காலித் தோட்டாக்களும் ஒன்றாக மேலெழும்பும். அமெரிக்கர்களின் சிறிய ரிவால்வர்களில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். அதுதான் உறுதியான அமைப்பு என்பது பொதுவான கருத்து. ஆனால் வெள்ளைக்காரன் விட்டுப்போன வடிவத்தை விட நமக்கு மனம் வரவில்லை.

ஏன் .32? தொழில்நுட்பம் அல்ல, சட்டம். .38, .455, 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள் ‘தடை செய்யப்பட்ட’ வகை. போலீஸுக்கும் படைகளுக்கும் உரியவை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் .32ம் .22ம்தான். 1980களின் மத்தியில் இறக்குமதியும் நின்றது. அதற்கு முன் வந்து சேர்ந்த வெப்ளியும் ஸ்மித் அண்ட் வெஸனும் கைமாறிக் கைமாறி, சொந்த ஊரில் கனவிலும் காணாத விலைக்குப் போயின. ‘கலெக்‌ஷன்’ என்று பெருமைப்பட்டவர்களுக்கு 2019ல் இன்னொரு அடி. ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. இரண்டை வைத்து என்ன சேகரிப்பு?

இந்த வறட்சியில்தான் 2014 ஜனவரியில் கான்பூர் ‘நிர்பீக்’கை வெளியிட்டது. டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த பாலியல் கொடுமையில் பலியான மாணவிக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் நிர்பயா. அதே பொருள் தரும் இன்னொரு சொல் நிர்பீக். பெண்கள் கைப்பையில் வைப்பதற்கென்று டைட்டானியம் கலந்த உலோகத்தில், 500 கிராம் எடையில் செய்தார்கள். பழைய ரிவால்வர் சுமார் 700 கிராம். நகைப்பெட்டி போன்ற அரக்கு நிறப் பெட்டி வேறு. விலை ரூ. 1.22 லட்சம். அதே ஆண்டு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை 250 கிராமில் ஒரு .22 ரிவால்வர் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘நிடர்’. அதற்கும் அர்த்தம் அதுவே. இந்தி அச்சமின்மைக்குப் பெயர் மேல் பெயராக வைத்துக்கொண்டே போக, தமிழில் ‘அஞ்சாமை’யையே மறுபடி மறுபடி எழுத வேண்டியிருக்கிறது.

துப்பாக்கி வன்முறைக்கு எதிராக இயங்கும் மணிப்பூரின் பினாலட்சுமி நெப்ராம், பெண்களைக் காப்பாற்ற முடியவில்லை என்று அரசே ஒப்புக்கொள்வதாகும் இது என்று அப்போதே சாடினார். அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. லைசென்ஸுக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் மனு, போலீஸ் விசாரணை, அறிக்கை, காத்திருப்பு. அதைத் தாண்டி ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடியவர் இரவு 9 மணிக்கு டெம்போவுக்காக நிற்கிற பெண் அல்ல. கைப்பையின் அடியில் கிடக்கும் அரைக் கிலோவை எடுத்துக் குறிபார்க்கத் தேவைப்படும் சில நொடிகளைத் தாக்க வருகிறவன் தருவானா என்பதை விளம்பரம் பேசவில்லை.

வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாயிற்று. அவற்றில் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்று 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ என்ற .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. (இந்தியில் வலிமைமிக்கது என்று பொருள்; நம்மூர்ப் பிரபலம் அல்ல.) எடை சுமார் 700 கிராம், 50 மீட்டர் வரை சுடும் என்கிறார்கள். ஒருவழியாக உருளையும் பக்கவாட்டில் திறக்கிறது. இதற்குள் அசல் வெப்ளியே வந்துவிட்டது. 2020ல் லக்னோ நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து, லட்டுக்குப் பேர்போன சண்டீலாவில் .32 தயாரிக்கத் தொடங்கியது. நகலும் அசலும் இப்போது அடுத்தடுத்த மாவட்டங்கள் போல.

கையில் எடுத்துப் பார்த்தால், எடை குறைந்த நிர்பீக் பையில் சுகம், நீட்டிப் பிடிக்கும்போது பழையதும் பிரபலும் உறுதி. அழகு? பழைய வெப்ளிதான், சந்தேகமில்லை.

ஆனால் இவை வெடிப்பதெல்லாம் எங்கே? கல்யாண ஊர்வலத்தில் ஆகாயத்தை நோக்கிச் சுடும் வழக்கம் எத்தனையோ மாப்பிள்ளை வீட்டாரைப் பலிவாங்கியதால், 2019 திருத்தம் அதற்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் என்று எழுதி வைத்தது. மோதல்களில் போலீஸ் கைப்பற்றுவதோ பெரும்பாலும் ‘கட்டா’ எனும் நாட்டுத் துப்பாக்கி. அதற்கு லைசென்ஸும் இல்லை, ரசீதும் இல்லை. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ்காரர்கள் பலர் ரிவால்வரைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டிவரும். ஊர் மிகவும் பதற்றமாக இருக்கும் அந்த வாரங்களில் தற்காப்பு ஆயுதம் வேறொருவர் பூட்டுக்குள்.

மெஸ்டன் ரோட்டில் நான் நுழைந்த கடையில் புது விற்பனை அன்று ஒன்றுமில்லை. கடைக்காரர் காட்டியது உள்ளறை இரும்பு அலமாரியை. ஒவ்வொரு துப்பாக்கியிலும் நூலில் கட்டிய அட்டை, அதில் பெயர், லைசென்ஸ் எண், தேதி. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கும் வரை இங்கேதான். நீலப் பூச்சு தேய்ந்த ஒரு வெப்ளியின் அட்டையில் மை வெளிறியிருந்தது. மகன் வெளிநாட்டில் இருக்கிறாராம். வாடகை மட்டும் தவறாமல் வருகிறது என்றார்.