லிங்க் விஷயமாகத் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கோடிங்கைப் படித்தேன். லிங்கைத் தட்டியதும் உங்கள் ஆப்பின் ஸ்கீமை அழைக்கிறாய். ஒன்றரை நொடிக்குள் ஆப் திறக்காவிட்டால் வெப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறாய். ஆண்ட்ராய்டில் ஓடுகிறது, ஐபோனில் மானத்தை வாங்குகிறது என்கிறாய். வாங்கத்தான் செய்யும். சஃபாரி, ஆப்பில் திறக்கவா என்று கேட்டு நிற்கும். ஆள் யோசித்து விரலை வைப்பதற்குள் உன் டைமர் பக்கத்தை மாற்றிவிடும். ஆப்பே இல்லாத போனிலோ, முகவரி செல்லாது என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு செய்தி வரும்.

டைமரைக் கூட்டிக் குறைத்துப் பார்க்காதே. ஆப் இருக்கிறதா என்பதை பிரவுசர் உன்னிடம் சொல்லாது. சொன்னால், யார் போனில் என்னென்ன ஆப் என்று எல்லா வெப்சைட்டும் மோப்பம் பிடித்துவிடும். அப்படியும், கம்ப்யூட்டர் பிரவுசர்களில் ஸ்கீம்களை ஒவ்வொன்றாக அழைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம் என்று 2021-ல் ஃபிங்கர்பிரின்ட்ஜேஎஸ் நிறுவனம் செய்து காட்டியது. டோர் பிரவுசர்கூடத் தப்பவில்லை.

அதனால் சாதாரண எச்டிடிபிஎஸ் லிங்கையே கொடு. ஆப் இருந்தால் ஆப் திறக்கும், இல்லாவிட்டால் அதே முகவரி வெப் பக்கமாகத் திறக்கும். 2015-லேயே ஐஓஎஸ் 9-ல் யுனிவர்சல் லிங்க்ஸும் ஆண்ட்ராய்டு 6-ல் ஆப் லிங்க்ஸும் வந்துவிட்டன. உங்கள் டொமைனில் இரண்டுக்கும் தனித்தனி ஃபைல் வைக்க வேண்டும். ஆப்பிள் ஃபைலின் பெயரில் ஜேசன் என்ற வால் கூடாது, ரீடைரக்டும் கூடாது. ஐஓஎஸ் 14 முதல் போன் அதை ஆப்பிளின் சிடிஎன் வழியாக எடுப்பதால், மாற்றியது உடனே தெரியாது, பதறாதே. ஆண்ட்ராய்டு ஃபைலில் ஷா-256 ஃபிங்கர்பிரின்ட் போட வேண்டும். பிளே ஸ்டோர் சைன் செய்யும் ஆப் என்றால் உன் லேப்டாப்பில் இருக்கும் கீயினுடையது போதாது, பிளே கன்சோலில் உள்ளதை எடு. நிறைய பேர் வழுக்குவது இங்கேதான்.

இன்னொன்று. சஃபாரியில் உங்கள் தளத்துக்குள் இருப்பவர் அதே டொமைன் லிங்கைத் தட்டினால் ஆப் திறக்காது. ‘ஆப்பில் திற’ பட்டனுக்கு வேறு சப்டொமைன் வை. ஆண்ட்ராய்டு குரோமில் இன்டென்ட் லிங்க் போதும், மாற்று முகவரியை அதற்குள்ளேயே எழுதிவிடலாம்.

பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் ஸ்கீமை விட்டுத்தள்ள முடியாது. யுபிஐ லிங்க்கே ஒரு ஸ்கீம்தானே. ஆண்ட்ராய்டில் எந்த ஆப்பில் கட்டுவது என்று பட்டியல் வரும். ஐபோனில் வராது; பல ஆப் ஒரே ஸ்கீமைக் கேட்டால் எது திறக்கும் என்பது உன் கையில் இல்லை. அங்கே ஒவ்வொரு ஆப்புக்கும் தனிப் பட்டன் வை, கம்ப்யூட்டரில் கியூஆர் காட்டு. கட்டியாயிற்றா என்பதை மட்டும் எப்போதும் உங்கள் சர்வரிடமே கேள்.

ஐபோனில் சோதிக்கும்போது லிங்கை அட்ரஸ் பாரில் டைப் செய்யாதே, அப்படி ஆப் திறக்கவே திறக்காது. நோட்ஸில் ஒட்டித் தட்டிப் பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அந்த இரண்டு ஃபைலையும் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா